ஒன்றும் இல்லாத கல்

“உனக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா இல்லையா?”

“இருக்கு. வாயில பேஸ்ட்டும் இருக்கு. துப்பிட்டு வந்து பேசறேன்.”

“துப்பினது போதும். அந்த மனுஷன் மேலதான் நேத்தே துப்பிட்டியே. வெயில்லயும் மழையிலயும் நின்னு, கல்லைக் கல்லா மூட்டை கட்டி அனுப்புறாரு. நீ ஏசியில உக்காந்துக்கிட்டு ஃபெயில்னு போடுறே.”

“நான் போடலக்கா. சிஸ்டம் போட்டுச்சு.”

“சிஸ்டத்துக்கு அக்கா இருக்காளா? அந்த அக்காவுக்கு எட்டு மாசம் முடிஞ்சு வயிறு வாசல்ல நிக்குதா?”

குளியலறைக் கதவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் என் அக்கா. கதவில் பதித்திருந்த மங்கல் கண்ணாடியில் முதலில் அவள் வயிறு தெரிந்தது. அக்கா ஒரு வினாடி கழித்துத்தான் வந்து சேர்ந்தாள். வாயில் நுரையோடு தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திறந்தால் உள்ளே வந்துவிடுவாள். வந்துவிட்டால் இரண்டு பேருக்கு அந்த அறையில் இடம் கிடையாது, அதிலும் நாங்கள் இப்போது மூன்று பேர்.

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. “என்னடி ஃபெயிலு? மாப்பிள்ளை ஏதாவது பரீட்சை எழுதினாரா?”

“ஆமாம்மா. திருத்தினது உன் சின்னப் பொண்ணு.”

“குடும்பத்துக்குள்ள பாத்துப் போடக் கூடாதாடி?” என்றாள் அம்மா, ஏதோ உப்பைப் பற்றிச் சொல்வதுபோல.

நான் வேலை பார்க்கும் கம்பெனிக்குச் சொந்தமாக ஒரு சுரங்கமும் கிடையாது, ஒரு மண்வெட்டியும் கிடையாது. நாலாவது மாடியில் ஆறு மேஜை, ஒரு தண்ணீர்க் கேன், வாடாத பிளாஸ்டிக் செடி ஒன்று. உலகத்தின் ஏதேதோ மூலைகளில் தங்கத்தையும் செம்பையும் தேடிப் பூமியைத் துளைக்கிற கம்பெனிகள், துளையிலிருந்து வந்த விவரங்களை எங்களுக்கு அனுப்பிவைக்கும். எத்தனை மீட்டரில் என்ன கல், என்ன நிறம், லேப் அதைப் பொடியாக்கிப் பார்த்ததில் டன்னுக்கு எத்தனை கிராம் தங்கம். நாங்கள் அவற்றைச் சரிபார்த்து, கட்டம் கட்டமாக அடுக்கித் திருப்பி அனுப்புவோம். துளைபோடும் சத்தத்தை நான் நேரில் கேட்டது ஒரே இடத்தில்தான். கீழ் மாடியில் பல் டாக்டர் இருக்கிறார்.

அலுவலகத்தில் என் பெயர் ராக்கெட். காரணம், நான் சேர்ந்த முதல் மாதம். துளை கீழ்நோக்கிப் போகிறது என்பதைக் காட்ட அதன் சாய்வுக் கோணத்துக்கு முன்னால் ஒரு மைனஸ் குறி போட வேண்டும். நான் பதினான்கு துளைகளுக்கு அதைப் போடவில்லை. முப்பரிமாணப் படத்தைத் திறந்தபோது பதினான்கு துளைகளும் தரையிலிருந்து புறப்பட்டு வானத்தைத் துளைத்துக்கொண்டு நின்றன. தரைக்கு மேலே நூற்றுப் பதினெட்டு மீட்டரில், மேகம் இருக்க வேண்டிய இடத்தில், கொஞ்சம் செம்பு இருந்தது. எனக்கென்னவோ அந்தப் படம் பிடித்திருந்தது. எங்கள் மேலாளருக்குப் பிடிக்கவில்லை. அவரை அன்றிலிருந்து நாங்கள் மைனஸ் சார் என்று அழைக்கிறோம். ஆகவே கணக்கு நேர்.

அக்காவின் கணவரான மாமாவின் விவரங்கள் என் மேஜைக்கு வந்தது தற்செயல். அவர் வேலை பார்க்கும் கம்பெனி எங்கள் வாடிக்கையாளர் ஆனபோது, மைனஸ் சார் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

“இந்த ஜியாலஜிஸ்ட் உனக்குச் சொந்தமாமே?”

“தூரத்துச் சொந்தம் சார்.”

“எவ்வளவு தூரம்?”

“நாலாயிரம் கிலோமீட்டர் சார்.”

அவர் தலையை ஆட்டி, சரி என்று எழுதிக்கொண்டார். அவருக்கு எண் இருந்தால் போதும்.

மாமா நல்ல ஜியாலஜிஸ்ட் என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவார்கள். பதினோரு வருடத்தில் ஏழு முகாம். ஏழிலும் ஒன்றும் கிடைக்கவில்லை. அவர் போய் இறங்கினால் ஆறேழு மாதத்தில் கூடாரத்தைச் சுருட்டிவிடுவார்கள். அவர் கம்பெனியில் அவருக்கு மூடுவிழா என்று பெயர். அதை அவரே சிரித்துக்கொண்டு எங்களிடம் சொன்னார். ஆனால் ஒவ்வொரு முறை வீட்டுக்கு வந்த பிறகும் இரண்டு நாள் பையைத் திறக்காமல், அதைச் சோபாவில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்போல உட்கார்ந்திருப்பார்.

ஐந்தாவது முகாமில் இருந்தபோது அவருக்குப் பெண் பிறந்தாள். ஒன்பதாவது நாள்தான் போனில் பார்த்தார், அதுவும் படம் உறைந்து நின்றுவிட்டது. அவளுக்கு இப்போது நாலு வயது. போன் வந்தால், “அப்பா இன்னைக்கு ஆடுறாரா, நிக்கிறாரா?” என்று கேட்டுவிட்டுத்தான் பக்கத்தில் வருவாள். இந்தத் தடவை அவர் கூடவே இருக்க வேண்டும் என்று அக்கா ஒற்றைக் காலில் நின்றாள்; எட்டாவது மாதத்தில் அது லேசான காரியம் இல்லை. அதிர்ஷ்டம் என்று சொல்ல வேண்டும், எட்டாவது முகாமிலும் ஒன்றும் கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை கூடாரத்தைப் பிரித்துவிட்டு எல்லோரும் சின்ன விமானத்தில் கிளம்புவது, சனிக்கிழமை மாமா வீட்டில். டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் பதினெட்டு நாள்.

அந்த ஏற்பாட்டின் குறுக்கேதான் மூன்று பைகள் வந்து உட்கார்ந்தன.

எங்கள் தொழிலில் பிளாங்க் என்று ஒன்று உண்டு. ஒன்றும் இல்லாத கல். முகாமிலிருந்து லேபுக்கு மாதிரிகளைப் பையில் கட்டி எண் போட்டு அனுப்பும்போது, இருபது பைக்கு ஒன்றாக, தங்கம் கிடையவே கிடையாது என்று உறுதியாகத் தெரிந்த கல்லை நடுவில் ஒளித்து வைப்பார்கள். லேபுக்கு எது என்று தெரியாது. அந்தப் பைக்கும் பூஜ்யம் என்று பதில் வந்தால், லேப் சுத்தமாக வேலை செய்கிறது என்று அர்த்தம். தங்கம் இருப்பதாக வந்தால் எங்கோ அழுக்கு கலந்திருக்கிறது, அந்த பேட்ச் முழுவதும் ஃபெயில்.

மாமாவின் முதல் பத்தொன்பது பிளாங்கும் பூஜ்யம். கடைசி மூன்றும் டன்னுக்கு 2.1 கிராம், 2.6, 2.3. அவர் ஐந்து மாதம் துளைத்து எடுத்த எந்தக் கல்லிலும் இதில் நூறில் இரண்டு பங்குகூட இல்லை. அந்த மலையிலேயே பணக்காரக் கல், ஒன்றும் இல்லாத கல்தான்.

திங்கட்கிழமை கூட்டத்தில் மாமாவும் நானும் திரையில் எதிரெதிரே வந்தோம். நடுவில் மைனஸ் சார். மூலையில் சின்னக் கட்டத்தில் மாமாவின் மேலதிகாரி, காமிராவை அணைத்துவிட்டு, வெறும் மூச்சுச் சத்தமாக.

“வணக்கம் மேடம்,” என்றார் மாமா. தாடி மார்புவரை வந்திருந்தது.

“வணக்கம் சார். மூணு பிளாங்க் ஃபெயில் ஆகியிருக்கு.”

“எங்க பக்கம் தப்பில்ல மேடம். லேப்ல கழுவாம அரைச்சிருப்பாங்க. முந்தின ஆளோட தங்கம் நம்ம பைல ஒட்டியிருக்கும்.”

“அதை நாங்க பாத்துச் சொல்றோம் சார்.”

“ரொம்ப நன்றி மேடம்.”

மூச்சுச் சத்தம் வாய் திறந்தது. “லேப் தப்புன்னா லேப் திரும்பச் செய்யட்டும், நம்ம ஆளுங்க கிளம்பலாம். முகாம்ல தப்புன்னா, பையைக் கட்டினவர் இருந்து அத்தனையையும் திரும்ப வெட்டிக் கட்டணும். ஆறு வாரம். காரணம் என்னன்னு வெள்ளிக்கிழமை பன்னெண்டு மணிக்குள்ள பதிவாகணும்.”

பையைக் கட்டியவர் முகம் அசையவில்லை. படம் உறைந்துவிட்டதா, மனிதர் உறைந்துவிட்டாரா என்று தெரியவில்லை.

கூட்டம் முடிந்த மூன்றாவது நிமிடம் என் போனில் செய்தி வந்தது. “ஏய் குட்டிப் பிசாசே. சார் என்ன சார்? உனக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக்கொடுத்தவன்டி நான்.”

“விழவும் நீங்கதான் கத்துக்கொடுத்தீங்க மாமா,” என்று பதில் போட்டேன்.

“லேப்னு போட்டு முடி. உங்க அக்கா என்னைத் தின்னுடுவா.”

“எட்டு மாசமா அவ தின்னாம விட்டு வச்சிருக்கறது உங்களை மட்டும்தான்.”

அன்று மாலை இதையெல்லாம் அக்காவிடம் சொல்லித் தொலைத்ததன் பலன்தான் செவ்வாய்க்கிழமை காலை அந்தக் கதவடி விசாரணை.

செவ்வாய்க்கிழமை முழுக்க அந்த மூன்று பைகளோடு கழிந்தது. நான் முழு மனதோடு லேப் பக்கம் தப்பு கண்டுபிடிக்கத்தான் உட்கார்ந்தேன். எனக்கும் மாமா வீட்டுக்கு வர வேண்டும். லேப் அழுக்கு என்றால், அந்தப் பைக்கு முன்னால் அரைத்த பையில் தங்கம் இருந்திருக்க வேண்டும். ஒட்டுவதற்கு ஏதாவது வேண்டுமே. முன்னால் இருந்த பைகளைப் பார்த்தேன். சுத்தமான பூஜ்யம். அதற்கு முன்னால், அதற்கும் முன்னால், எல்லாம் பூஜ்யம். எண்ணெயே இல்லாத கடாயில் பொரித்ததுபோல அந்த 2.6 தனியாக நின்றது.

சரி, பை மாறியிருக்கும் என்று நினைத்தேன். ஸ்டாண்டர்ட் என்று இன்னொன்றும் அனுப்புவார்கள், இவ்வளவு தங்கம் இருக்கிறது என்று முன்பே தெரிந்த பொடி. அசதியில் அதை பிளாங்க் பையில் போட்டுவிடுவது எல்லா முகாமிலும் நடப்பதுதான். ஆனால் அந்தப் பொடி ஷாம்பு பாக்கெட் அளவுக்குத்தான் வரும், அறுபது கிராம். லேப் பையைப் பிரிக்கும் முன் எடை போட்டு ஒரு பத்தியில் எழுதிவைக்கிறது. 1.3 கிலோ, 1.1 கிலோ, 1.4 கிலோ. இவை கல்தான், நிஜக் கல்.

மைனஸ் சார் வந்து பின்னால் நின்றார். திரையைத் தொடாமல், ஒரு பென்சிலால் காற்றில் சுட்டிக்காட்டினார்.

“இந்த பிளாங்க் எங்கே வாங்கினதுன்னு ஒரு பத்தி இருக்கே. முதல் பத்தொன்பதுக்கும் கடைப் பேர் இருக்கு. கடைசி மூணுக்கு ஏன் காலி?”

“முகாமுக்குப் போற பாலம் உடைஞ்சிடுச்சாம் சார். கடைக் கல்லு லாரி வரல.”

“பாலம் உடைஞ்சா பத்தி காலியா இருக்கணுமா? காலியா விடறது டேட்டா இல்ல ராக்கெட், சோம்பேறித்தனம். கேட்டு நிரப்பு.”

லேபில் அரைத்ததில் மீதியிருக்கும் பொடியை எடுத்து அந்த மூன்றையும் மறுபடி சோதிக்கச் சொல்லி லேபுக்கு எழுதினேன். வெள்ளிக்கிழமை காலை தருவதாகச் சொன்னார்கள். மாமாவுக்கும் எழுதினேன், அலுவலக மெயிலில், மதிப்பிற்குரிய ஐயா என்று தொடங்கி. பதில் வரவில்லை. முகாமில் காற்றாடி மாதிரி ஒரு ஆன்டெனா இருக்கிறது. ஆடு உரசிவிட்டால் இரண்டு நாளுக்கு இன்டர்நெட் கிடையாது.

பதில் புதன்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுச் சோபாவில் கிடைத்தது. அக்கா போனை எடுத்து அம்மாவுக்குப் படம் காட்டிக்கொண்டிருந்தாள்.

“பாரும்மா, எப்படி எளைச்சுட்டாரு. கழுத்தெலும்பு தனியா வர்ற மாதிரி இருக்கு.”

“தாடி இல்லாம இருந்தா நல்லா இருப்பாரு,” என்றாள் அம்மா. “தாடிக்குள்ள மாப்பிள்ளை எங்க இருக்காருன்னு நானே தேடறேன்.”

நான் சும்மாதான் எட்டிப் பார்த்தேன். மூன்று வாரத்துக்கு முந்தைய படம். கவிழ்த்த வாளி மேல் மாமா உட்கார்ந்திருந்தார். கையில் சுத்தியல், முன்னால் வெள்ளைக் கல் குவியல். அவருக்குப் பின்னால் குளிக்கத் தட்டி கட்டிய மறைப்பு. அதன் பக்கத்தில் இடுப்பு உயரத்துக்கு நீளமாக ஒரு வெள்ளைப் பாறை, நிலத்துக்குள்ளிருந்து முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தது. அதன்மேல் அவருடைய நீலக் கோடு போட்ட துண்டு காய்ந்தது. படத்துக்குக் கீழே எழுதியிருந்தார்: “கடைக் கல்லு வரல. நாலாப்பக்கமும் கல்லுதானே, நானே உடைச்சுக்கிட்டேன். உன் பிடிவாதம் மாதிரி கெட்டி.”

“அக்கா,” என்றேன். “இந்தப் படம் என்ன தேதி?”

“பாலம் உடைஞ்ச மறுநாள். ஏன்?”

கடையில் வாங்கும் பிளாங்க் பூந்தொட்டியில் போடும் வெள்ளைக் கல். வெள்ளையாக, பளிச்சென்று, ஒரு வம்புக்கும் போகாத கல். மாமா அதே மாதிரி வெள்ளையாக ஒன்றைப் பார்த்திருக்கிறார், உடைத்திருக்கிறார். வெளியாள் யாரும் இந்தத் தப்பைச் செய்ய முடியாது. வெள்ளைக் கல்லையே பிளாங்க்காகப் பையில் கட்டிக் கட்டிப் பழகிய கை வேண்டும். மலைக்குள் பாளம் பாளமாக ஓடும் அந்த வெள்ளைக் கல்லில்தான் பெரும்பாலும் தங்கம் குடியிருக்கும் என்று ஜியாலஜிஸ்டுகளுக்கு முதல் வருடமே சொல்லிக்கொடுப்பார்கள். மாமாவே எனக்குச் சொல்லியிருக்கிறார். நாலு கிலோமீட்டர் தள்ளி ஐந்து மாதமாகத் துளைபோட்டுவிட்டு, தினமும் சாயங்காலம் வந்து குளித்து, தேடினதன்மேலேயே துண்டு காயப்போட்டிருக்கிறார்.

“என்னடி, பேய் அறைஞ்ச மாதிரி ஆயிட்டே?”

சொன்னேன். அக்கா முதலில் சிரித்தாள். சிரித்ததில் வயிறு குலுங்கி, அதன் மேல் வைத்திருந்த தட்டு ஆடியது.

“தங்கமா? எங்க வீட்டுக்காரரா? வீட்டுச் சாவி கையில இருக்கும்போதே சாவியைத் தேடற ஆளு அவரு!”

“அதேதான்க்கா இப்பவும் நடந்திருக்கு.”

“மூடுவிழாவுக்குத் தங்கம் கிடைச்சிருக்கு. அம்மா, கேட்டியா?”

“பங்கு ஏதாவது தருவாங்களாடி?” என்றாள் அம்மா.

“ஒரு சர்டிபிகேட் தருவாங்கம்மா. கண்ணாடி போட்டு மாட்டிக்கலாம்.”

“அதுக்கு அந்தத் துண்டையே மாட்டிக்கலாமே,” என்று அம்மா எழுந்து போனாள்.

அக்கா சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தாள். துடைத்த கை பாதியில் நின்றது.

“குட்டி. அப்ப அவங்க கூடாரத்தைப் பிரிக்க மாட்டாங்க.”

“மாட்டாங்க.”

“எத்தனை நாள்?”

“முதல்ல அந்தப் பாறை எங்கேருந்து எங்கே போகுதுன்னு நடந்து பாக்கணும். குறிக்கணும். அப்புறம் மெஷினை இந்தப் பக்கம் கொண்டுவந்து துளை போடணும். கண்டுபிடிச்சவர்தான் முன்னால நிப்பாரு. மூணு மாசம். குறைஞ்சது.”

“அவருக்கு இது தெரியுமா?”

“தெரியாது. லேப் கழுவலன்னு திட்டிக்கிட்டிருக்காரு.”

“வேற யாருக்குத் தெரியும்?”

“எனக்கு. இப்ப உனக்கு.”

“எனக்கும்,” என்றாள் கீழே உட்கார்ந்து ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்த அக்கா மகள். “அப்பா துண்டுக்கு அடியில தங்கம்.”

அக்கா என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். லேப் என்று போடு, வாயை மூடு, உனக்கு மனசாட்சி இருக்கா என்று. அவளோ போனில் அந்தப் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினாள். பாறையை இல்லை, தாடிக்குள் இருந்த முகத்தை.

“நீ எதுவும் சொல்லாதே,” என்றாள். “போடுன்னும் சொல்லல, போடாதேன்னும் சொல்லல. நான் யோசிக்கணும்.”

மறுநாள் நான் அலுவலகத்திலிருந்து வந்தபோது அவள் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தாள். யோசிப்பது என்றால் அவளுக்கு அலமாரியை அடுக்குவது. மாமாவின் சட்டைக்காக ஒரு தட்டைக் காலி செய்திருந்தாள். அதில் குழந்தைத் துணியை அடுக்கினாள், பிறகு எடுத்தாள், பிறகு பாதியில் அடுக்கி மீதியை விட்டாள்.

“அந்தப் பொடி ரிசல்ட் எப்ப வரும்?” என்று கேட்டாள், அலமாரிக்குள் பார்த்தபடி.

“நாளைக்குக் காலையில. ஒருவேளை பூஜ்யம்னு வரும்க்கா. அப்ப லேப் தப்புதான். பிரச்சினையே இல்ல.”

“அப்படி வந்தா அவரு திரும்பவும் சோபாவுல பையோட உக்காருவாரு.”

“பக்கத்துல நீ இருப்பே.”

“நான் எங்க இருக்கறது? பக்கத்துலதான் பை இருக்கே,” என்றாள்.

அதே சாயங்காலம் மாமாவிடமிருந்து படம் வந்தது. ஆடு நகர்ந்திருக்க வேண்டும். கட்டி முடித்த பை, அதன் மேல் பூட்ஸ். “லேப்காரன் கையைக் கழுவாம சாப்பிடற பய. லேப்னு போடு, நான் வந்து உன்னை ஐஸ்கிரீமால அடிக்கிறேன்.” பிளாங்க் எங்கே எடுத்தீர்கள் என்ற கேள்விக்கு, “எல்லாம் இங்கதான், வெள்ளைக் கல்லு,” என்று ஒரு வரி. பிறகு இன்னொன்று.

“அந்த ரெண்டாவது நம்பர் என்ன சொன்னே? 2.6ஆ?”

“ஆமா மாமா.”

தட்டச்சு செய்கிறார் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது.

“சும்மாதான் கேட்டேன்,” என்று வந்தது.

வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் வீட்டிலிருந்து வேலை செய்யலாம். சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்தேன். ஒரு கால் ஆடும் மேஜை. நான் கேள்விக்குறி அடித்தால் அம்மாவின் காபி தளும்பும். பத்து நாற்பதுக்கு லேபிலிருந்து மெயில் வந்தது. நகல் மாமாவுக்கும் போயிருந்தது. 2.2, 2.6, 2.3.

கல் பொய் சொல்லவில்லை.

காரணம் எழுதும் கட்டத்தைத் திறந்தேன். அதில் நேராக எதையும் எழுத முடியாது, முதலில் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். லேபில் கலப்பு. பை மாறியது. மூன்றாவது, மற்றவை, விளக்கம் தருக. மைனஸ் சாரின் செய்தி மேலே வந்து போனது. “ராக்கெட், பன்னெண்டு மணி.” நான் அம்புக்குறியை முதல் வரிமேல் கொண்டுபோய் வைத்தேன். ஒரு அமுக்கு. லேப் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதும், இன்னொரு தடவை அரைக்கும், யாருக்கும் எலும்பு முறியாது. மாமா நாளைக்குச் சோபாவில். பாறை பல கோடி வருடமாக அங்கேயே கிடக்கிறது, இன்னும் கிடக்கும். அம்புக்குறியை மூன்றாவது வரிக்கு இறக்கினேன். மறுபடி ஏற்றினேன். ராக்கெட் என்று பெயர் எடுத்தவளுக்கு மேலே போவதும் கீழே வருவதும் பழக்கம்தான். ஆனால் விரல் அமுங்கவில்லை.

அக்கா வந்து எதிரே உட்கார்ந்தாள். அவள் வயிறு இடித்ததில் மேஜை என் பக்கம் நகர்ந்தது.

“என்ன வந்திருக்கு?”

திரையைத் திருப்பிக் காட்டினேன். அவளுக்கு அந்தப் பத்திகள் எதுவும் புரியாது. ஆனால் எண்கள் அதேதான் என்பது என் முகத்திலேயே இருந்தது.

“ம்,” என்றாள்.

“நீ யோசிச்சியா?”

“யோசிச்சேன்.”

“என்ன?”

“யோசிச்சா பசிக்குது. அவ்வளவுதான் தெரிஞ்சது.”

பதினொன்று முப்பத்தைந்துக்கு அவள் போன் அடித்தது. மாமா. அக்கா ஸ்பீக்கரில் போட்டு மேஜை நடுவில் வைத்தாள். முதலில் காற்றுச் சத்தம், பிறகு ஏதோ ஒரு பெரிய விசிறி சுற்றுவதுபோல. அக்கா மகள் ஓடிவந்து எட்டிப் பார்த்து, “படமே இல்ல,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

“எங்க இருக்கீங்க?” என்றாள் அக்கா.

“விமானத்துப் பக்கத்துல. எல்லாரும் ஏறியாச்சு. பையையும் ஏத்திட்டேன். பைலட் என்னையே பாக்கறான்.”

“ஏறுங்களேன்.”

“ஏறிட்டே இருக்கேன். ஒரு கால் படியில இருக்கு.” பைலட்டிடம் ஒரு நிமிடம் என்றார். “பக்கத்துல குட்டி இருக்காளா?”

அக்கா என்னைப் பார்த்தாள். கண்ணில் கெஞ்சலும் இல்லை, மிரட்டலும் இல்லை. பன்னிரண்டு வயதில் நான் பள்ளிக்கூட மேடையில் வசனத்தை மறந்து நின்றபோது, கீழே முதல் வரிசையில் உட்கார்ந்து அவள் இப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு விரலால் போனை என் பக்கம் தள்ளினாள். அது மேஜையின் சரிவில் தானாகவே இன்னும் கொஞ்சம் வந்து, லேப்டாப்பில் இடித்து நின்றது.

“இருக்கேன் மாமா.”

“லேப் மெயில் பாத்தேன். ரெண்டு தடவையும் அதே நம்பர். காலையில துண்டை எடுக்கப் போனேன். பாறையைப் பாத்தேன். பாத்துக்கிட்டே நின்னேன், லாரிக்காரன் ஹார்ன் அடிக்கிறவரைக்கும். எனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா, இல்ல...” காற்று அடித்ததில் இரண்டு வார்த்தை போய்விட்டது. “...என் கண்ணை நான் நம்ப முடியாது குட்டி. பதினோரு வருஷமா எல்லாக் கல்லும் எனக்குத் தங்கமாத்தான் தெரிஞ்சிருக்கு. நீ பாக்கறது வெறும் நம்பரு. உனக்கு ஆசை கிடையாது.”

எனக்கு எதிரே அக்கா வயிற்றின்மேல் இரண்டு கையையும் கோத்து வைத்திருந்தாள். திரையில் பதினொன்று நாற்பது.

“சார் வேணாம், மேடம் வேணாம்,” என்றார் மாமா. விசிறிச் சத்தம் ஏறியது. அவர் கத்த வேண்டியிருந்தது. “பைலட் கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான். பக்கத்துல உங்க அக்கா இருக்கா, தெரியும். அவளும் கேக்கட்டும். லேப் தப்பா, கல்லு நிஜமா? ஒரே ஒரு வார்த்தை சொல்லு குட்டி. ஏறட்டுமா, இறங்கட்டுமா?”